பார்த்தவரின் பங்கு

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை, இளையோர் கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்தபின், கல்லூரி மாணவர் ஒருவர் மட்டும் என் அறை வாயிலில் தயங்கி நின்றார். "ஃபாதர், ஒரு சந்தேகம். படத்திலே நடக்கிற கொலையை ஆசையோட பார்க்கிறவனுக்கு அந்தக் கொலையிலே ஏதாவது பங்கு உண்டா?" என்று கேட்டார்.

குருமடத்தில் கற்ற அறநெறி இறையியல் நாவின் நுனியிலேயே இருந்தது. நிழலுருவைக் காண்பது பாவமாகாது. கண்டது தீமை என்று அறிந்தும் மனம் அதற்கு இசைந்தால்தான் பாவம் என்று இரண்டே வாக்கியங்களில் விடை சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் வணங்கிவிட்டுச் சென்றார். முகத்தில் நிறைவு இல்லை. எனக்கும் இல்லை. அவர் பார்த்துவிட்டு வந்த படம் 'பீப்பிங் டாம்' என்று பின்னர் தெரிந்தது. 1960-இல் லண்டனில் வெளிவந்த பழைய ஆங்கிலப் படம். பல ஆண்டுகளுக்கு முன் நானே பார்க்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திய படமும் அதுதான். இம்முறை இறுதிவரை பார்த்தேன். அம்மாணவருக்கு அன்று நான் தந்திருக்க வேண்டிய விடையைத் தேடியே இதை எழுதுகிறேன்.

'பீப்பிங் டாம்' என்றால் ஒளிந்திருந்து பார்ப்பவன் என்று பொருள். கொவென்ட்ரி நகரத்துப் பழங்கதை ஒன்றிலிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட பெயர் அது. மக்களின் வரிச்சுமையைக் குறைக்கக் கணவன் விதித்த நிபந்தனையை ஏற்று, கொடைவா சீமாட்டி ஆடையின்றிக் குதிரைமேல் நகரை வலம் வந்தாளாம். ஊரார் எல்லாரும் கதவடைத்து அவள் மானத்தைக் காத்தார்களாம். டாம் என்ற தையற்காரன் மட்டும் இடுக்கில் கண் வைத்தானாம். கண்டதும் பார்வை இழந்தானாம். பழங்கதைகள் தண்டனையை உடனே கொடுத்துவிடுகின்றன. வாழ்க்கை அவ்வாறு கொடுப்பதில்லை.

படத்தின் நாயகன் மார்க் லூயிஸ் என்னும் இளைஞன். திரைப்படக் கூடமொன்றில் ஒளிப்பதிவாளரின் உதவியாளன். கூச்சமுள்ளவன், மென்மையாகப் பேசுபவன். அவன் பெண்களைக் கொல்கிறான். கேமராவைத் தாங்கும் முக்காலியின் ஒரு காலில் கத்தி இருக்கிறது. அதைக் கழுத்துக்கு நேரே நீட்டியபடியே அவர்கள் முகத்தில் பரவும் அச்சத்தைப் படம் பிடிக்கிறான். இன்னும் கொடியது ஒன்று உண்டு. கேமராவின்மேல் ஒரு கண்ணாடியைப் பொருத்தியிருக்கிறான். சாகப்போகிறவள் தன் அச்சத்தைத் தானே பார்த்துக்கொண்டு சாக வேண்டும். பிறகு இரவில் தனியே அமர்ந்து அப்படச்சுருளை ஓட்டிப் பார்க்கிறான்.

அவன் இப்படி ஆனது ஏன் என்பதையும் படம் சொல்கிறது. அவன் தந்தை அச்சத்தைப் பற்றி ஆராய்ந்த அறிவியலாளர். ஆய்வுக்குக் கிடைத்த பொருள் சொந்த மகன். உறங்கும் குழந்தையின் முகத்தில் விளக்கைப் பாய்ச்சி எழுப்புவார். படுக்கையில் பல்லி இனத்து உயிரொன்றைப் போடுவார். குழந்தை அலறுவதைப் படமெடுப்பார். தாய் இறந்து கிடந்தபோதும் மகனின் முகத்தையே படமெடுத்தார். பின்னர் மகனுக்கு ஒரு கேமராவைப் பரிசளித்தார். இந்தத் தந்தையின் வேடத்தை இயக்குநர் மைக்கேல் பவலே ஏற்றார். சிறுவனாகத் தோன்றியவன் அவருடைய சொந்த மகன். இச்செய்தியை அறிந்தபோது நான் சிறிது நேரம் எதையும் எழுதவில்லை. படமெடுப்பவனின் கண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வந்தவர் முதலில் தானே அதில் ஏறி நின்றார் என்று எண்ணத் தோன்றுகிறது. மகனையும் உடன் ஏற்றியிருக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி.

அப்போது பவலுக்கு வயது 54. ஏறக்குறைய என் வயது. பிரிட்டனின் மதிப்புமிக்க இயக்குநர்களுள் ஒருவர். எமரிக் பிரெஸ்பர்கருடன் இணைந்து அவர் ஆக்கிய 'த ரெட் ஷூஸ்' (1948) உலகப் புகழ் பெற்றது. இமயமலைச் சாரலில் பணியாற்ற வந்த ஆங்கிலிக்கன் கன்னியரைப் பற்றிய 'பிளாக் நார்சிசஸ்' (1947) அவர்களுடையதே. 'பீப்பிங் டாம்' 1960 ஏப்ரலில் திரைக்கு வந்ததும் அந்த மதிப்பெல்லாம் ஒரே வாரத்தில் சரிந்தது. 'டிரிபியூன்' இதழின் விமர்சகர் படத்தை வாரிச் சாக்கடையில் கொட்ட வேண்டும் என்ற கருத்தில் எழுதினார். விநியோகித்தவர்கள் விரைவிலேயே படத்தைத் திரையரங்குகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதன்பின் பவல் சில படங்களை இயக்கினார், சிலவற்றை ஆஸ்திரேலியா வரை சென்று இயக்கினார். ஆனால் சொந்த நாட்டில் பழைய இடம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழில் லென் மோஸ்லி எழுதியதுதான் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. கிழக்குப் பாகிஸ்தானின் தொழுநோயாளர் குடியிருப்புகளும், பம்பாயின் சந்துகளும், கல்கத்தாவின் சாக்கடைகளும்கூட இப்படம் தந்த குமட்டலைத் தனக்குத் தந்ததில்லை என்பது அவர் கருத்து. பிறர் துன்பத்தைக் காட்சிப்பொருளாக்குகிறது என்று ஒரு படத்தைக் கண்டிக்க வந்தவர், அக்கண்டனத்துக்கு அளவுகோலாக எடுத்தது நம் நாட்டு ஏழைகளையும் தொழுநோயாளரையும்! அவர் அவ்விடங்களுக்குச் சென்றிருக்கிறார், பார்த்திருக்கிறார், பார்த்ததைக் குமட்டலாகச் சேமித்து வைத்திருக்கிறார். அவர் தீயவர் என்று நான் சொல்லவில்லை. படம் எந்தக் கண்ணைப் பற்றிப் பேசுகிறதோ அந்தக் கண் தன்னிடமும் இருப்பதை அவர் அறியவில்லை என்றே சொல்கிறேன்.

படம் பார்வையாளரை அவ்வளவு சினமூட்டியதற்குக் காரணம் குருதி அன்று. குருதி அதில் ஏறக்குறைய இல்லை. கத்தி தீண்டுமுன்பே காட்சி மாறிவிடுகிறது. முதற்காட்சியை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு கண் திறக்கிறது. பின் ஒரு லண்டன் தெரு. மார்க் தன் மேலங்கிக்குள் கேமராவை மறைத்துக்கொண்டு டோரா என்ற விலைமகளைப் பின்தொடர்கிறான். அந்தப் பெண்ணை நாம் காண்பது அவனுடைய கேமராவின் வழியாக. மாடிப்படி ஏறுகிறோம், அறைக்குள் நுழைகிறோம், அவள் முகம் மாறுவதைக் காண்கிறோம். அடுத்து அவன் தன் இருண்ட அறையில் அமர்ந்து அதே காட்சியைத் திரையிட்டுப் பார்க்கிறான். படத்தின் எழுத்துகள் அதன்மேல் ஓடுகின்றன. அவன் இருளில் அமர்ந்து பார்க்கிறான். அவனுக்குப் பின்னால், நாமும் இருளில் அமர்ந்து அதையே பார்க்கிறோம். சீட்டு வாங்கி வந்தவர்களை நோக்கி இப்படி ஒரு கண்ணாடியைத் திருப்பினால் யாருக்குத்தான் கோபம் வராது?

இன்னொரு சிறு காட்சி. செய்தித்தாள் விற்கும் கடையொன்றின் மாடியில் ஆபாசப் படங்கள் எடுக்கப்படுகின்றன. மதிப்புமிக்க முதியவர் ஒருவர் கடைக்கு வந்து செய்தித்தாள் கேட்கிறார். பிறகு குரலைத் தாழ்த்தி அப்படங்களையும் கேட்கிறார். அரங்கில் சிரிப்பு எழும் இடம் இது. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தபின் நினைத்தேன்: அந்த முதியவர் யாரையும் கொல்லவில்லை, யாரையும் தொடவுமில்லை. அவர் பார்க்க மட்டுமே விரும்புகிறார். மார்க்கின் கேமராவுக்குத் தொழில் கொடுப்பது அவர்தான்.

அதே 1960-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க்கில் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' வெளிவந்தது. படம் தொடங்கிய பின் எவரையும் உள்ளே விடக்கூடாதென்று திரையரங்குகளுக்குக் கட்டளை. விமர்சகர்களுக்கு முன்கூட்டிய காட்சியும் இல்லை. மக்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். அங்கேயும் ஒருவன் சுவரின் துளை வழியே ஒரு பெண்ணைப் பார்க்கிறான். அத்துளையை மறைத்துத் தொங்கும் ஓவியம் எது தெரியுமா? சூசன்னாவும் முதியோர் இருவரும்! தானியேல் நூலின் 13-ஆம் அதிகாரத்தை வாசித்த எவரும் அதை உடனே அடையாளம் காண்பர். நீதிபதிகளாக இருந்தவர்களே ஒளிந்திருந்து பார்த்த கதை அது. அந்த ஓவியத்தை அகற்றிவிட்டுத்தான் அவன் துளையில் கண் வைக்கிறான். பிறகு கொலையுண்டவளின் உடலைக் காரில் வைத்துச் சதுப்பில் தள்ளுகிறான். கார் மெல்ல மூழ்கி, பாதியில் ஒரு கணம் நின்றுவிடுகிறது. அந்தக் கணத்தில் பார்வையாளரின் நெஞ்சும் நின்றுவிடுகிறது. எதற்காக? கார் மூழ்காமல் போய்விடுமோ என்பதற்காக! சற்று முன் செத்தவளுக்காக இரங்கியவர்கள் இப்போது தடயம் மறைய வேண்டுமென்று விரும்புகிறார்கள். ஹிட்ச்காக் இதை நன்கறிந்தே செய்தார். நம் மனத்தின் இசைவு எவ்வளவு எளிதில் இடம் மாறுகிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடத்தை நான் குருமடத்தில் கற்கவில்லை.

அந்நாளில் அமெரிக்கக் கத்தோலிக்கரிடையே 'லீஜன் ஆஃப் டீசன்ஸி' என்ற அமைப்பு திரைப்படங்களைத் தரம் பிரித்து அறிவித்து வந்தது. 'சைக்கோ'வை அது 'பி' பிரிவில் வைத்தது. அதாவது ஒரு பகுதி அறநெறிக்கு ஒவ்வாதது. இத்தகைய பட்டியல்களைக் கேலி செய்வது இன்று எளிது. பெற்றோர்க்கு அவை பயன்பட்டன என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் படத்தில் என்ன இருக்கிறது என்பதையே பட்டியல் கேட்டது. அந்தக் கார் பாதியில் நின்றபோது உனக்குள் என்ன நடந்தது என்று அது கேட்கவில்லை. கேட்கவும் இயலாது. அது ஆன்ம சோதனையில் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியது.

எழுந்து போனவர்களும் உண்டு. 1928 முதல் 'அப்சர்வர்' இதழில் எழுதிவந்த சி. ஏ. லஜூன் அம்மையார், 'சைக்கோ' முடியும் முன்பே அரங்கைவிட்டு வெளியேறினார். அவ்வாண்டின் முடிவில் விமர்சகர் பணியையே விட்டார். கலையை அறியாதவர் என்று அவரை இப்போது எள்ளி எழுதுகிறார்கள். எனக்கு அவர்மேல் மதிப்பு உண்டு. பார்ப்பது ஒரு செயல் என்றால், பார்க்க மறுப்பதும் ஒரு செயலே. அவர் அதைத் தம் கால்களால் செய்தார்.

பின்னர் காற்று திசை மாறியது. மார்ட்டின் ஸ்கோர்சேசி 'பீப்பிங் டாம்' படத்துக்காக வாதாடினார். 1979-இல் நியூயார்க் திரைப்பட விழாவில் அது மீண்டும் திரையிடப்பட அவர் துணைநின்றார். இன்று அதைத் தலைசிறந்த படைப்பு என்று சொல்லாதவர் அரிது. ஆனால் இந்தப் புகழ்ச்சியிலும் எனக்கு ஓர் ஐயம். இன்றைய பார்வையாளர் கருத்துகளைக் கேட்டால், வண்ணங்களைப் பற்றியும் ஒளியமைப்பைப் பற்றியும் திரைக்குள் திரை என்ற உத்தியைப் பற்றியும் சொல்கிறார்கள். எல்லாம் உண்மையே. 1960-இன் பார்வையாளர் அருவருப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். இன்றைய பார்வையாளர் பாராட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். இருவருமே படத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒருவர் மட்டும் விலக்கு. 'சண்டே டைம்ஸ்' இதழின் டிலிஸ் பவல் அம்மையார் (இயக்குநருக்கு உறவினர் அல்லர்) 1960-இல் படத்தைக் கடுமையாகக் கண்டித்தவர். 1994-இல், தொண்ணூறு வயதைக் கடந்தபின், அதே இதழில் தம் தவற்றை ஒப்புக்கொண்டு எழுதினார். மறுவாழ்வில் பேசிக்கொள்ள அனுமதி உண்டென்றால், மைக்கேல் பவலைத் தேடிச்சென்று மன்னிப்புக் கேட்பது தம் கடமை என்ற கருத்தையும் அதில் வைத்தார். இயக்குநர் இறந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மறு ஆண்டு அம்மையாரும் காலமானார். ஒரு படத்தைப் பற்றிய கருத்து ஒரு மனிதருக்குச் செலுத்த வேண்டிய கடனாக மாறியதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இனி, அதிகம் பேர் சொல்லும் கருத்தொன்றுக்கு வருகிறேன். "மார்க்கின் மீது இரக்கம் வருகிறது" என்கிறார்கள். எனக்கும் வந்தது. தந்தையால் சிதைக்கப்பட்ட குழந்தை அவன். கார்ல்ஹைன்ஸ் பேம் அவ்வேடத்தில் காட்டும் தயக்கமும் தனிமையும் கல்லையும் கரைக்கும். ஆனால் படம் முடிந்ததும் ஒரு சோதனை செய்து பார்த்தேன். கொலையுண்ட மூன்று பெண்களின் பெயர்களை நினைவுகூர முயன்றேன். நடனமாடிய விவியனின் பெயர் வந்தது. மற்ற இருவரின் பெயர்கள் வரவில்லை. திரும்பப் பார்த்துத்தான் டோரா, மில்லி என்று அறிந்தேன். அவர்களுடைய குழந்தைப் பருவத்தை எந்தச் சுருளும் காட்டவில்லையே! நம் இரக்கம் கேமரா திரும்பிய பக்கமே திரும்பியது. இரக்கம்கூட ஒருவர் செலுத்தும் வழியில் செல்லும் என்றால், அதை அறம் என்று எப்படிச் சொல்வது?

இதைப் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே புனித அகுஸ்தினார் கேட்டுவிட்டார். 'ஒப்புதல்கள்' மூன்றாம் நூலில், கார்த்தேஜ் நகரத்து நாடக அரங்குகளில் தாம் மயங்கிக் கிடந்ததை நினைத்து, மேடைத் துயரைக் கண்டு அழுவதில் மனிதர் ஏன் இன்பம் காண்கின்றனர் என்று வினவுகிறார். அங்கே பார்ப்பவனை யாரும் உதவிக்கு அழைப்பதில்லை. வருந்த மட்டுமே அழைக்கிறார்கள். உதவும் கடமை இல்லாத இரக்கம்! அதனால்தான் அது இனிக்கிறது.

மார்க்காக நடித்த பேமின் பிற்கால வாழ்க்கையை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1981-இல் ஜெர்மன் தொலைக்காட்சியில் பலரும் விரும்பிப் பார்த்த பந்தய நிகழ்ச்சியொன்றுக்கு அவர் வந்தார். ஆப்பிரிக்காவின் சாகேல் பகுதியில் பட்டினியால் வாடுவோருக்காக, பார்த்துக்கொண்டிருப்பவர்களில் மூவருக்கு ஒருவர்கூட ஒரு ஜெர்மன் மார்க் தரமாட்டார் என்று பந்தயம் கட்டினார். வருத்தத்துக்குரிய செய்தி, பந்தயத்தில் அவரே வென்றார். ஆயினும் பத்து லட்சம் மார்க்குக்கு மேல் சேர்ந்தது. அதைக்கொண்டு எத்தியோப்பியாவுக்குச் சென்றார்; அதே ஆண்டு ஓர் உதவி அமைப்பை நிறுவினார்; 2014-இல் இறக்கும்வரை அவர் பெயர் அப்பணியோடு சேர்ந்தே பேசப்பட்டது. ஒளிந்திருந்து பார்ப்பவனாக நடித்தவர், பார்த்துக்கொண்டிருந்தவர்களை நோக்கித் திரும்பி, பார்த்தது போதும், ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

படத்தினுள்ளும் அப்படிக் கேட்பவர் இருவர். மார்க்கின் வீட்டில் குடியிருக்கும் ஹெலன் ஒருத்தி. அவனை உணவுக்கு அழைத்துச் செல்லும் மாலையில், கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வரும்படி அவள் சொல்கிறாள். அது இல்லாமல் தெருவில் இறங்கும்போது அவன் கை எங்கே போவதென்று தெரியாமல் தவிக்கிறது. மற்றவர் அவளுடைய தாய். பார்வையற்றவர். இரவுதோறும் மார்க்கின் அறையிலிருந்து வரும் ஓசைகளைக் கேட்டுக்கேட்டு, ஒருநாள் கைத்தடியோடு அங்கேயே சென்று இருளில் காத்திருக்கிறார். குருடர் காண்பதும் காண்போர் குருடராவதும் யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தை அறிந்த நமக்குப் புதிதல்ல, அதை நீட்டவில்லை. எனக்கு வியப்பளித்தது, அவரைக் கொல்ல மார்க்கால் முடியாமற்போனது. கேமராவை எடுக்கிறான், ஆனால் அவர் முன் கண்ணாடி பயனற்றது. அவரோ கையை நீட்டி அவன் முகத்தைத் தடவுகிறார், கேள்வி கேட்கிறார். அதுவரை அவன் பார்த்த எவரையும் அவன் திரும்பிப் பேசவிட்டதில்லை.

இங்கேதான் மாணவரின் கேள்விக்கு விடை தொடங்குகிறது என்று நினைக்கிறேன். திரையில் செத்தவர்கள் நடிகர்கள். காட்சி முடிந்ததும் எழுந்து தேநீர் அருந்தியவர்கள். அக்கொலையில் நமக்குப் பங்கில்லை. ஆனால் கண்ணுக்கு ஒரு பழக்கம் உருவாகிறது. பார்க்கப்படுபவர் நம்மைப் பார்க்க மாட்டார், நம்மிடம் எதையும் கேட்க மாட்டார் என்ற உறுதியோடு பார்க்கும் பழக்கம். அப்பழக்கம் அரங்கத்தின் கதவோடு நின்றுவிடுவதில்லை. லூக்கா நற்செய்தியாளர் கல்வாரியை விவரிக்கும்போதும் அந்தக் 'காட்சியை'க் காண மக்கள் கூடி வந்தார்கள் என்றே எழுதுகிறார். அவர் ஆளும் சொல் அதுதான். அவர்களுள் மார்பில் அறைந்துகொண்டு திரும்பியவர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுகிறார்.

அகுஸ்தினாரின் ஆறாம் நூலில் வரும் அலிப்பியுஸை நினைவூட்டுகிறேன். சட்டம் படிக்க உரோமை சென்ற அவரை, வாள்வீரர் போரைக் காண நண்பர்கள் இழுத்துச் சென்றனர். உடல் இங்கே இருக்கும், கண்ணும் மனமும் இராது என்று சூளுரைத்துக் கண்களை இறுக மூடி அமர்ந்தார். கூட்டம் ஒரே குரலில் ஆர்ப்பரித்தது. எது நேர்ந்தாலும் இகழ்ந்துவிடலாம் என்ற துணிவில் கண்ணைத் திறந்தார். அவ்வளவுதான். பின்னாளில் பிறரையும் அழைத்துக்கொண்டு அங்கே சென்றார் என்கிறார் அகுஸ்தினார். லஜூன் அம்மையார் எழுந்து போனார். அலிப்பியுஸ் கண்ணை மூடிக்கொண்டு இருக்கையிலேயே இருந்தார். இந்த வேறுபாடு சிறிதல்ல.

நான் எழுந்து போனவன் அல்லன்.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் இருந்தேன். ஒருநாள் காலைத் திருப்பலி முடிந்து காப்பி அருந்தும்போது என் கைப்பேசிக்கு ஒரு வீடியோ வந்தது. என்னவென்று அறியாமல் திறந்தேன். புறவழிச்சாலை, கவிழ்ந்த இருசக்கர வண்டி, சாலையோரம் ஓர் இளைஞர் கிடக்கிறார், வலக்கை மட்டும் எதையோ தேடுவதுபோல் அசைகிறது. சுற்றிலும் கால்கள். "யாராச்சும் தண்ணி குடுங்கப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யாரும் குனியவில்லை. கைப்பேசி வைத்திருந்தவர் மட்டும் இன்னும் நெருங்கி வருகிறார். ஒன்றரை நிமிடம். முடிந்தது.

மறுபடியும் பார்த்தேன்.

முகத்தை அடையாளம் காண்பதற்காக, நம் பங்கைச் சேர்ந்தவரோ என்று அறிவதற்காக, என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணம் பொய்யன்று; முழு உண்மையும் அன்று. தீய இன்பத்தில் 'தங்கி நிற்றல்' என்று அறநெறி நூல்கள் குறிப்பிடுவதைப் புனித தோமா அக்குவினாஸ் விளக்கும்போது, தங்குவது என்பது நேரத்தின் அளவன்று என்கிறார். அறிவு அதை இன்னதென்று கண்டுகொண்ட பின்னும் அகற்றாமல் நிற்பதே தங்குவது. முதல் முறை பார்த்தபோது எனக்குத் தெரியாது. இரண்டாம் முறை தெரியும். சிதைந்த பிணம் கிடக்கிறதென்றால் மனிதர் முகம் வெளிறுவதற்காகவே அங்கே ஓடுகின்றனர் என்று 'ஒப்புதல்கள்' பத்தாம் நூலில் படித்துத் தேர்வெழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன் நான்.

பிற்பகலில் செய்தி வந்தது. இறந்தவர் எங்கள் கிளைப்பங்கு ஒன்றைச் சேர்ந்தவர், ஒரே மகன். வீட்டுக்குச் சென்றேன். பந்தலின் கீழ் அமர்ந்திருந்த தாய் என் இரு கைகளையும் பற்றிக்கொண்டு கேட்டார்: "சாமி, எம்புள்ள உடனே போயிட்டானா? ரொம்ப நேரம் கெடந்து தவிச்சானா?"

எனக்குத் தெரியும். எத்தனை நொடிகள் என்றுகூடத் தெரியும்.

"உடனே போயிட்டாராம், அம்மா. வலி தெரிஞ்சிருக்காது" என்றேன்.

அவர் என் கைகளைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். பிறகு வந்தவர்களிடமெல்லாம், சாமியே சொன்னார், பிள்ளை தவிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பந்தலில் நின்ற இளைஞர்களில் சிலர் அதைக் கேட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். அவர்கள் கைப்பேசியிலும் அந்த வீடியோ இருந்தது. அந்தத் தாயைத் தவிர அங்கிருந்த எல்லாரும் அவர் மகனின் இறுதி நிமிடத்தைப் பார்த்திருந்தோம்.

அந்தப் பொய்யை ஒப்புரவு அருட்சாதனத்தில் அறிக்கையிட்டேன். அன்புக்காகச் சொன்ன பொய் என்று அதற்காவது ஒரு பெயர் இருந்தது. இரண்டாம் முறை பார்த்ததை அறிக்கையிட நெடுநாள் ஆயிற்று. அதை என்ன சொல்லித் தொடங்குவதென்று தெரியவில்லை. நான் எவரையும் மோதவில்லை, எவரையும் சாகவிடவில்லை, நான் பார்த்தபோது அவர் இறந்து சில மணி நேரம் ஆகியிருந்தது. பார்த்தேன், அவ்வளவே. ஆனால் அந்தக் கையின் அசைவை நான் ஒரு செய்தியாகவும் ஒரு திகிலாகவும் நுகர்ந்தபின், அதே கையை ஈன்று வளர்த்தவர் என்னிடம் வந்து கேட்டார். அதற்கு என்னிடம் உண்மையான விடை இருந்தது. அதை அடைந்த வழியைச் சொல்லாமல் விடையைச் சொல்ல முடியாது. என் பங்கு அங்கேதான் இருந்தது.

மாணவரை மீண்டும் அழைத்து இதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, அந்த வீடியோவை அனுப்பியது யாரென்று கேட்டார். நல்ல மனிதர், பங்குப்பேரவையில் இருந்தவர், அடக்கத்துக்கு அவர்தான் ஓடியாடி உழைத்தார் என்றேன்.

அந்தத் தாய் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் இறந்தார். நான் அப்போதும் அங்கேதான் இருந்தேன். அடக்கத் திருப்பலியை நானே நிறைவேற்றினேன். டிலிஸ் பவல் அம்மையார் எழுதியதைப் படித்தது அதற்குப் பிறகுதான்.